போகாத எட்டு வரிகள்

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இன்றும் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வேலை முடிந்ததா என்று யாராவது கேட்டால், திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘ஆச்சு’ என்று சொல்லிவிடுவேன். பால் பொங்கி அடுப்பு நனைந்துகொண்டிருக்கும்போதே, ‘அணைச்சாச்சும்மா’ என்று அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தவள் நான். அடுப்போடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. என் அண்ணனுக்குக் கிடைக்க வேண்டிய வேலை அந்தப் பழக்கத்தால் போயிற்று. அதை இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூர் விஜயநகரில் ஒரு வீட்டின் முன்னறைதான் எங்கள் அலுவலகம். கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே சேர்ந்திருந்தேன். முதலாளி கன்னடக்காரர், நல்ல மனிதர், எல்லாரையும் போல நானும் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவேன். மெயில் அனுப்பித் தருவதுதான் எங்கள் தொழில். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிய பென்ஷன்தாரர்கள், ஊதுபத்தி ஏற்றுமதி செய்பவர்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் எல்லாரும் தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் தட்டச்சு செய்வேன். பதில் வந்தால் பிரிண்ட் எடுத்து, மடித்து, பெயர் எழுதி வைப்பேன்.

ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனியாக அனுப்பினால் போன் லைன் தாங்காது. இணைய இணைப்புக்குப் பெங்களூருக்கு எஸ்.டி.டி. போட வேண்டும், அதுவும் பத்து முறை போட்டால் ஒரு முறை கிடைக்கும். அதனால் நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அது தானாக இணைப்புப் போடும். பெங்களூரில் சாருக்குத் தெரிந்த ஒரு கம்பெனியின் மெயில் சர்வரில்தான் எங்கள் முகவரிகள் இருந்தன. அந்தச் சர்வரிடம் கடிதங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, எங்களுக்கு வந்திருப்பவற்றை வாங்கிக்கொண்டு, போனை வைத்துவிடும். கொடுத்த கடிதத்தை ‘அனுப்பியவை’ என்ற பெட்டிக்கு நகர்த்தும். சர்வர் என்ன பதில் சொன்னது என்பதைத் தனியாக ஒரு கோப்பில் எழுதி வைக்கும். பல மாதம் பிசகில்லாமல் ஓடியது. சார் வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, ‘இவளே எழுதியது’ என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

அந்த ஸ்கிரிப்டில் ஒரு ஓட்டை இருந்தது. சர்வர் ‘மாட்டேன்’ என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அதற்குச் சொல்லித் தரவில்லை. சர்வர் மாட்டேன் என்று சொல்லக்கூடும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அது வாங்கினாலும் சரி, மறுத்தாலும் சரி, என் ஸ்கிரிப்ட் கடிதத்தை ‘அனுப்பியவை’ பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். என்னைப் போலவேதான் அதையும் வளர்த்திருந்தேன்.

எங்கள் அப்பா கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம், எல்லையோரக் கிராமத்திலிருந்து கொத்து வேலைக்காக மைசூர் வந்தவர். வீடு மேட்டகள்ளியில். அண்ணன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு அங்கேயே ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தான். அதைக் கதவடைத்து எட்டு மாதமாகியிருந்தது. காலையில் குளித்து, சட்டை மாட்டி, தொழிற்சாலை வாசல்வரை நடந்துபோய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். சாப்பிடும்போது அவன் தட்டைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வை எங்களுக்கெல்லாம் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டில் ஒரு கட்டிட நிறுவனம் ஆள் எடுப்பதாகத் தெரிந்து, அண்ணன் பெங்களூர் போய் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்துவிட்டு வந்தான். மூன்று பேர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டார்களாம். முடிவில் ஒரு கார்டைக் கொடுத்திருக்கிறார்கள். வர விருப்பம் என்றால் பாஸ்போர்ட் எண், எந்தத் தேதியில் கிளம்ப முடியும் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை, அவர்கள் ஊர் நேரப்படி நண்பகலுக்குள் வந்துசேர்ந்த பெயர்களிலிருந்துதான் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். வியாழனும் வெள்ளியும் அவர்களுக்கு விடுமுறை. கார்டில் ஃபேக்ஸ் எண்ணும் இருந்தது, மெயில் முகவரியும் இருந்தது.

அண்ணன் ஃபேக்ஸ் அனுப்பவே நினைத்தான். மண்டி மொஹல்லாவில் அவனுக்குத் தெரிந்த ஒரு கடை இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டான். நான்தான் வாசலில் மறித்தேன்.

“ஃபேக்ஸ் எதுக்குண்ணா? பாதி எழுத்து அழிஞ்சுதான் போகும். நான் இருக்கறப்ப கடைக்கு ஓடுவியா?”

“மெயில்ல போட்டா போயிருமா அம்மிணி?”

எங்கள் பக்கத்தில் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “உனக்கு முன்னாடி அது மஸ்கட் போய் உக்காந்திருக்கும்” என்றேன். அவன் சிரித்துக்கொண்டே சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல் அல்ல, நுணலை நம்பிய அண்ணன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கடிதத்தை எழுதினேன். ஆங்கிலத்தில் எட்டே வரி. பாஸ்போர்ட் எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன். பதினொரு மணிக்கு மோடம் கிரீச்சிட்டு இணைப்புக் கிடைத்தது. இரண்டு நிமிடத்தில் எல்லாக் கடிதங்களும் ‘அனுப்பியவை’ பெட்டியில் இருந்தன. அண்ணன் அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைக் காட்டினேன்.

“போயிருச்சா?”

“போயிருச்சுண்ணா.”

அன்று சாயங்காலமே அண்ணன் பழைய தொழிற்சாலைக் கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டான். அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட ஆரம்பித்தாள். அப்பா முதல்முறையாக, ‘அங்க வெய்யில் ஜாஸ்தியாமே’ என்று அவனைப் பார்த்துப் பேசினார்.

அடுத்த செவ்வாய் ஆயுத பூஜை, புதன் விஜயதசமி. மஸ்கட்காரர்கள் சொன்ன கெடுவும் அதே புதன்தான். மைசூரில் அந்த வாரம் யாருக்கும் வேலையில் புத்தி நிற்காது. திங்கட்கிழமை காலை, ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வந்தார். விஜயநகரில் சொந்த வீடு, நம்ம தமிழ்க்காரர்தான், மகன் அமெரிக்காவில். முகம் சிவந்திருந்தது.

“என்னம்மா இது? நேத்து பையன் போன் பண்ணி, ‘ஏம்ப்பா லெட்டரே காணோம்’னு கேக்கறான். வெள்ளி, சனி ரெண்டு நாளும் கொடுத்தேனே. அனுப்பினியோ இல்லையோ?”

“அனுப்பியாச்சு சார். இதோ பாருங்க” என்று ‘அனுப்பியவை’ பெட்டியைத் திறந்து காட்டினேன்.

“அது சரி, போய்ச் சேர்ந்ததான்னு எப்படித் தெரியும்?”

அதற்கும் என்னிடம் ஒரு வித்தை இருந்தது. தினமும் காலையில் எங்கள் அலுவலக முகவரிக்கே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்ப்போம். அது பெங்களூர் போய்த் திரும்பி வந்துவிட்டால் எல்லாம் ஒழுங்கு என்று அர்த்தம். அன்றும் அவர் கண்முன்னே அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் வந்து நின்றது. “உங்க பையனோட பெட்டி நெறஞ்சிருக்கும் சார், அவரைக் காலி பண்ணச் சொல்லுங்க” என்றேன். சாரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். பெரியவர் மன்னிப்புக் கேட்காத குறையாகக் கிளம்பிப் போனார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. யானை ஊர்வலத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அந்த மணி என் காதில் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கே அலுவலகம் போனேன். சார் பூ, வாழைக்கன்று, பூசணிக்காய் வாங்கி வரப் போயிருந்தார். பூஜைக்கு முன்னால் கம்ப்யூட்டரைத் துடைக்க வேண்டும். வெளியே துடைத்தால் போதுமா, உள்ளேயும் குப்பையைக் கூட்டுவோம் என்று பழைய கோப்புகளை அழிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் சர்வரின் பதில்களை எழுதி வைக்கும் கோப்பு கண்ணில் பட்டது. பல மாதமாகத் திறந்ததே இல்லை. அழிப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தை ஒரு பார்வை பார்த்தேன்.

‘550 ரிலேயிங் டினைட்.’ வாங்கிக் கடத்திவிட மாட்டேன் என்று அர்த்தம். அதற்குக் கீழே மறுபடியும் அதே. அதற்கும் கீழே அதே. மேலே தள்ளிக்கொண்டே போனேன். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிவரை எல்லா வெளியூர்க் கடிதத்துக்கு நேரேயும் அதே வரிதான் இருந்தது. அண்ணனுடைய கடிதத்துக்கு நேரேயும் இருந்தது.

ஸ்கிரிப்டை விட்டுவிட்டு, நானே இணைப்புப் போட்டு அந்தச் சர்வரோடு கையால் பேசிப் பார்த்தேன். வணக்கம் சொன்னேன், அதுவும் சொன்னது. யார் அனுப்புகிறார்கள் என்று தட்டினேன், சரி என்றது. யாருக்கு என்று மஸ்கட் முகவரியைத் தட்டினேன். டினைட் என்றது. எங்கள் அலுவலக முகவரியைத் தட்டினால் உடனே சரி என்றது. மறுபடி மஸ்கட், மறுபடி டினைட். மெதுவாகத்தான் மண்டையில் ஏறியது. தன் வீட்டு முகவரிக்கு வரும் கடிதத்தை அது யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். வேறு ஊருக்குப் போக வேண்டிய கடிதத்தைத்தான் மறுக்கிறது. போகிற வழியில் இதைத் தபாலில் சேர்த்துவிடுங்கள் என்று இத்தனை நாளும் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர், திடீரென்று, நீ யார் என்றே எனக்குத் தெரியாது, உன் கடிதத்தை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டதுபோல. என் சோதனைக் கடிதம் தினமும் திரும்பி வந்ததும் அதனால்தான். எதைச் சோதிக்க வேண்டுமோ அதை ஒரு நாளும் நான் சோதிக்கவே இல்லை.

பெங்களூர்க் கம்பெனிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. அங்கேயும் ஆயுத பூஜைதானே.

சார் அர்ச்சகரோடு வந்து நின்றார். நான் எழுந்து, “ஒந்து கண்டெ டைம் கொடி சார், சர்வரில் சின்னப் பிரச்சினை” என்றேன். ஒரு மணி நேரம் கேட்டேன். அவர் சிரித்தபடி, “ஈவத்து முட்டபாரதம்மா” என்றார். இன்று தொடக் கூடாது. பூஜை ஆனபிறகு விஜயதசமி முடிந்து, வியாழக்கிழமை காலைதான் பூவை எடுத்து மெஷினைப் போடுவது வழக்கம். மற்ற நாளில் சின்னப் பிரச்சினை என்றால் பதறுகிற மனிதர், அன்று, ‘அதற்கும் இரண்டு நாள் ஓய்வு வேண்டாமா’ என்றார்.

நான் நான்கு நாளாக ஒரு கடிதமும் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் அண்ணன் பிழைப்பு அதற்குள் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவர் நிச்சயம் அர்ச்சகரைக் காக்க வைத்திருப்பார். ஆனால் முந்தின நாள்தான் அவர் கண்ணெதிரே அந்தப் பெரியவரிடம் அத்தனை திமிராகப் பேசியிருந்தேன். எப்படி வாயைத் திறப்பது? வெட்கம் விடவில்லை. மானிட்டரில் குங்குமம் வைத்து, கீபோர்டு மேல் செவ்வந்தி சுற்றி, கற்பூரம் காட்டினார்கள். நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பூஜை முடிந்ததும் பஸ் பிடித்து மண்டி மொஹல்லாவுக்கு ஓடினேன். ஃபேக்ஸ் அனுப்பிவிட்டால் தீர்ந்தது என்ற நினைப்பு. தெரு முழுக்க ஆட்டோவும் ஸ்கூட்டரும் வாழைக்கன்று கட்டி நின்றன. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. அண்ணனுக்குத் தெரிந்த கடையில் ஃபேக்ஸ் மெஷின் பட்டுத் துணிமேல் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் சந்தனம். கடைக்காரர் தமிழ் பேசுகிறவர்தான்.

“அவசரம்ணே. ஒரே பேப்பர்தான்.”

“பூ வெச்சாச்சேம்மா. இன்னிக்கு மெஷினை எழுப்பினா வருசம் பூரா அது நம்மள எழுப்பிக்கிட்டே இருக்கும். வியாழக்கெழம வா, மொத பேப்பர் உன்னோடது.”

அடுத்த கடையிலும் அதே கதை. மூன்றாவது கடை பூட்டியிருந்தது. பஸ் நிலையம் பக்கம் ஒரு போன் பூத் மட்டும் திறந்திருந்தது. மஸ்கட்டுக்கே பேசினேன். எடுத்தவர் ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் பேசினார். சொன்னால் குறித்துக்கொள்ள முடியாது, எழுத்தில் வேண்டும், ஃபேக்ஸ் அல்லது மெயில், நாளை நண்பகல் வரை நேரம் இருக்கிறதே என்றார். ‘நேரம் இருக்கிறதே’ என்று அவர் சொன்னது இன்னும் காதில் கேட்கிறது.

வீட்டுக்கு வந்தால், அண்ணன் கூடத்தில் பலகை போட்டு டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தான். நடுவில் பாஸ்போர்ட். அதன் அட்டைமேலும் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்திருந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் நாரை உரித்துக்கொண்டிருந்தார்.

“பதில் ஏதாச்சும் வந்துச்சா அம்மிணி?”

“அவங்களுக்கும் வேலை இருக்குமல்லண்ணா. வரும்.”

அப்போதும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமாகப் பெங்களூருக்கு பஸ் ஏறியிருக்கலாம், அந்தப் பெரிய ஊரில் ஏதாவது ஒரு ஃபேக்ஸ் மெஷின் பூஜை முடிந்து விழித்திருக்கும். அதைவிட, நாளைக்கு யாருக்கும் தெரியாமல் நானே சரிசெய்துவிடலாம் என்பது எனக்குச் சுலபமாகத் தோன்றியது. கோழைத்தனத்துக்கு எப்போதுமே நம்பிக்கை என்றுதான் நான் பெயர் வைப்பேன்.

புதன்கிழமை காலை ஊரே அரண்மனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் எதிர்த்திசையில் விஜயநகருக்கு நடந்தேன். அலுவலகத்தின் ஒரு சாவி என்னிடம் இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாமியிடமும் சாரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கீபோர்டிலிருந்து பூவை எடுத்தேன். ஒரு திருடியைப் போலத்தான் இருந்தது. மெஷினைப் போட்டதும் அது வழக்கம்போல எழுந்தது, பூஜையில் இருக்கிறோம் என்ற நினைப்பே அதற்கு இல்லை.

போன் லைன் கிடைக்கவே பதினொன்றரை ஆயிற்று. அனுப்பினேன், டினைட். அனுப்புகிறவர் முகவரியை மாற்றிப் பார்த்தேன், டினைட். அந்தப் பெங்களூர்க் கம்பெனி ஆளே அனுப்புவதுபோலப் பொய்ப்பெயர் போட்டேன், டினைட். ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வர் எண் ஞாபகமிருந்தது, அதனிடம் போனேன், அதுவும் டினைட். நடுவில் இரண்டு முறை லைன் அறுந்தது. எங்களுக்கு இணைப்புத் தருகிறவர்களுக்கே ஒரு மெயில் சர்வர் உண்டு, அதனிடம் கொடுத்திருந்தால் வாங்கியிருக்கும் என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். யாரையும் நடுவில் கெஞ்சாமல் அந்த மஸ்கட் நிறுவனத்தின் சர்வர் வாசலிலேயே நேராகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் அன்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்த ஒரே கதவில் தலையை முட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி ஆயிற்று. மஸ்கட்டில் அப்போது நண்பகல்.

அதற்குப் பிறகும் எழுந்து போக மனம் வரவில்லை. அரண்மனைப் பக்கம் பீரங்கி வெடிக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது, ஊர்வலம் கிளம்பிவிட்டது. பெங்களூரிலிருந்து ஏதாவது தகவல் இருக்குமா என்று வந்திருந்த கடிதங்களை எல்லாம் வாங்கிப் பார்த்தேன். ‘போஸ்ட்மாஸ்டர்’ என்று ஒரு முகவரி எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி, எங்களிடமும் இருந்தது, அந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை. அதில் ஒரு கடிதம் கிடந்தது. போன வியாழக்கிழமை மாலை பெங்களூர்ச் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அனுப்பியது. யாரோ முகம் தெரியாதவர்கள் எங்கள் சர்வர் வழியாக ஆயிரக்கணக்கில் விளம்பரக் கடிதங்களை அனுப்பிவிட்டார்கள், அதனால் இன்றிரவு முதல் கதவை மூடுகிறோம். உங்களைப் போல இணைப்புப் போடும் ஒவ்வொரு முறையும் புது இணைய எண்ணோடு வருகிறவர்கள், முதலில் உங்கள் பெட்டியைத் திறந்து வந்த கடிதங்களை வாங்கிக்கொள்ளுங்கள், அப்போது பாஸ்வேர்டைப் பார்த்து நீங்கள் யாரென்று தெரிந்துகொள்வோம். பிறகு சில நிமிடத்துக்குள் அனுப்பினால் ஏற்றுக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்.

அவ்வளவுதான். என் ஸ்கிரிப்ட் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கியது. முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கொடுக்க வேண்டும். ஸ்கிரிப்டில் இரண்டு வரிகளை மேலே கீழே மாற்றினேன், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஓட விட்டேன். ‘250 ஓகே’ என்றது. அண்ணனுடைய எட்டு வரி மஸ்கட்டுக்குப் போயிற்று. கடிகாரத்தில் மூன்றேகால். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதை அதுவரை பள்ளிக்கூடத்தில் எழுதியதோடு சரி. அன்றுதான் செய்து பார்த்தேன்.

மற்றவர்களின் கடிதங்களையும் அனுப்பிவிட்டு, மெஷினை அணைத்து, பூவை இருந்தபடி சுற்றி வைத்தேன். சார் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. அந்த ரயில்வே பெரியவர் அடுத்த வாரம் வந்து, பையன் பெட்டியைக் காலி செய்துவிட்டான், லெட்டர் எல்லாம் கிடைத்தது என்று எனக்கு நன்றி சொன்னார்.

சனிக்கிழமை மஸ்கட்டிலிருந்து பதில் வந்தது. நாலு வரிதான். உங்கள் பெயர்தான் எங்கள் பட்டியலில் முதலாவதாக இருந்தது, புதன் நண்பகல்வரை காத்திருந்தோம், தகவல் வராததால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம், வருந்துகிறோம். இரண்டு முறை படித்தேன். பிரிண்ட் எடுக்கவில்லை. அழித்துவிட்டேன். இந்த வேலையை மட்டும் ஒழுங்காக முடித்தேன்.

அண்ணன் தினமும் கேட்டான். “வந்துச்சா அம்மிணி?” இல்லை என்றேன். தீபாவளி போயிற்று. கேட்பது இரண்டு நாளுக்கு ஒருமுறையாயிற்று, பிறகு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு நின்றுவிட்டது. ஒரு நாள் அவனாகவே, “நம்மள எடுக்கல போல” என்றான். ஏன் எடுக்கவில்லை என்பதையும் அவனாகவே கண்டுபிடித்துக்கொண்டான். ஆங்கிலத்தில் தடுமாறினானாம். நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ கேட்டபோது புரியாமல் சிரித்தானாம். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்துவிட்டது என்றான். அதற்குப் பிறகு யாரும் ஏதாவது கேட்டு அவனுக்குப் புரியாவிட்டால், முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பான். நல்ல சிரிப்பு அவனுக்கு. அது போயிற்று.

அப்பா முன்பெல்லாம் பார்வையோடு நிறுத்திக்கொள்வார். அதன்பிறகு வாயைத் திறந்தார். “மூணு பேரு முன்னால உக்காந்து நாலு வார்த்த பேசத் தெரியல. படிக்க வெச்சு என்ன?” என்பார். விருந்தாளி வந்தாலும் சொல்வார், கொத்து வேலை செய்யும் இடத்திலும் சொல்வார். அண்ணன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நான் பரிமாறிக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு வாக்கியம் போதும், அப்பா வாயை அடைக்க. அதை நான் சொல்லவில்லை. முதலில் பயம். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். ஒவ்வொரு வருஷமும் அந்த இரண்டாவது பயம் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

தொழிற்சாலை திறக்கவில்லை. அண்ணன் விஜயநகரில் கட்டுகிற வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போனான். துபாய், கத்தார் என்று எத்தனையோ விளம்பரங்களை நானே கொண்டுவந்து காட்டினேன். “அதெல்லாம் பேசத் தெரிஞ்சவங்களுக்கு அம்மிணி” என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது, மேலே மேலே போனேன். சர்வர் என்ன சொல்கிறது என்று நூறு முறை சரிபார்க்கிறவள் என்று என்னைப் பற்றி அங்கே கேலிகூட உண்டு. அப்பா கடைசியில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஆறு மாதமும் அண்ணன்தான் தூக்கிக் குளிப்பாட்டினான். அப்போதும் அவர், பேசத் தெரியாத பிள்ளை என்றுதான் வந்தவர்களிடம் அவனைக் காட்டிச் சொன்னார்.

அப்பா போய் மூன்று வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் வீட்டுக்கு ஒரு ஃபேன் மாட்ட வந்தான். வேலை முடிந்து, சோபாவில் உட்காராமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்து காபி குடித்தான். அன்று எங்கிருந்தோ தைரியம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கிரிப்ட், டினைட், பூஜை, மூன்றேகால் மணி, சனிக்கிழமை வந்த நாலு வரி, அதை அழித்தது. அழுதுகொண்டேதான் சொன்னேன்.

“மொத பேரா என்னுதா இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டான்.

“ஆமாண்ணா.”

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

“அப்பா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே அம்மிணி” என்றான்.

பிறகு எழுந்து, ஃபேனை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.